நுரைக்காரம்மாவின் மூக்கு

எங்கள் குடியிருப்பில் அண்ணியின் பெயர் யாருக்கும் தெரியாது. நுரைக்காரம்மா என்றால்தான் தெரியும். பூந்திக்கொட்டையை உடைத்து விதையை எறிந்துவிட்டு, தோலை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஷாம்பு என்று விற்றாள். கடைச் சரக்கு மாதிரி பொங்கி வழியாது, ஆனால் எந்தப் பிசுக்கையும் எடுத்துவிடும். அண்ணன் போன பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த நுரையால்தான்.

சாறு சீக்கிரம் புளித்துக் கெட்டுவிடும். கெடாமலிருக்க ஏதாவது சேருங்களேன் என்றால், "அதுக்குத்தான் என் மூக்கு இருக்கே" என்பாள். ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து மோந்து பார்ப்பாள். லேசாகப் புளித்திருந்தாலும் சாக்கடையில் கொட்டிவிடுவாள். அந்த மூக்கின் மேல் அவ்வளவு கர்வம்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, அதில் போன மோப்ப சக்தி திரும்பவில்லை. தெரிந்தால் ஒருத்தியும் வாங்கமாட்டாள் என்று பயந்து எங்களிடம்கூட மூச்சுவிடவில்லை. பாட்டிலைத் திறந்து மோப்பதை மட்டும் விடவில்லை, பாவி. எங்களுக்கு எல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அவளுடைய ஒரே மகள் ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை பார்த்தாள். ஒரு விடுமுறை நாளில் குளியலறையிலிருந்து கேட்டாள்.

"அம்மா, இது ஒரு மாதிரி வாடை அடிக்குதே?"

"நான் பாத்துட்டேன்டி. தேய்ச்சுக் குளி."

அம்மாவின் மூக்கு சொன்ன பிறகு அந்த வீட்டில் யாரும் தன் மூக்கை நம்புவதில்லை. தேய்த்தாள். சாறு வலது கண்ணில் வழிந்தது. பூந்திச் சாறு பட்டால் எரியத்தான் செய்யும், தானாகப் போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். கருவிழி வெளுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கெட்டுப்போன சாற்றிலிருந்த கிருமி என்றார் டாக்டர். கண் போய்விட்டது. ஊசியில் நூல் கோக்கிற பிழைப்பும் அதோடு போனது. எனக்கு அண்ணி மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று, கண்ணில் கட்டோடு மகள் சமையலறைக்குள் போனாள். ஒரு ஷாம்பு பாட்டிலோடு வந்தாள்.

"இது கெட்டுப்போச்சான்னு பாரும்மா."

அண்ணி கண்ணை மூடி, வழக்கம்போல ஆழமாக மோந்தாள். எட்ட நின்ற எனக்கே நெடி ஏறியது.

"நல்லாத்தான் இருக்கு. புதுசா காய்ச்சினதுதானே?"

"மண்ணெண்ணெய்ம்மா" என்றாள் மகள்.

அண்ணி பாட்டிலை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள்.