ஏசி பஸ் குருசாமி

எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ பக்தியைக் காப்பாற்றக் கிளம்பிய மகான் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஓசூர் பக்கம் மூக்கண்டப்பள்ளியில் நான் ஒரு குருசாமி. பகலில் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் ஆட்களுக்கு மாலை போட்டு, இருமுடி கட்டி, சபரிமலைக்குக் கூட்டிப்போவேன். என்னிடம் மாலை போட்டால் ஒரு மண்டலம் முழு விரதம். தரையில் படுக்கை, விடிகாலையில் பச்சைத்தண்ணீர்க் குளியல், செருப்பு கிடையாது. சேஃப்டி ஷூ இல்லாமல் கம்பெனிக்குள் விடமாட்டார்கள் என்பதால் கேட் வரைக்கும் வெறுங்காலோடு போய், அங்கே உட்கார்ந்து மாட்டிக்கொள்வோம். அதை ஐயப்பன் மன்னிப்பான் என்று நான்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். குருசாமிக்கு அந்த அதிகாரம் உண்டு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். வருஷம் முழுக்க "யோவ்" என்று கூப்பிடுகிற சூப்பர்வைசர் கார்த்திகையில் மட்டும் "சாமி, கொஞ்சம் வாங்க" என்பார்.

வேன் நிறைய ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. அதில் முதல் ஆள் என் பக்கத்து மெஷின்காரன். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், சண்டை வந்தால் கன்னடம் பேசுகிறவன். கன்னிசாமியாக முதல்முறை அவன் மலை ஏறியது என்னோடுதான். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

அப்புறம்தான் அவன் வந்தான். பாகலூர் ரோட்டில் மொபைல் ஷோரூம் வைத்திருக்கிறவன். நாங்களெல்லாம் பதினெட்டு வருஷம் மலைக்குப் போய் வாங்கிய குருசாமிப் பட்டத்தை அவன் மூன்றாவது வருஷமே எடுத்து மாட்டிக்கொண்டான். ஹைவே ஓரமாக ஃப்ளெக்ஸ் வைத்தான். அதில் அவன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றான், ஐயப்பன் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு உட்கார்ந்திருந்தான். கீழே, பழைய போனுக்குப் புதிய போன், தவணை வசதி உண்டு. ஏசி பஸ், சாய்கிற சீட், வழியில் ஓட்டல் ரூம், குளிக்க வெந்நீர், எல்லாருக்கும் கடைப் பெயர் போட்ட கருப்பு டீ-ஷர்ட். விரதத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, "ஒரு வாரம் போதும் சாமி, மனசு சுத்தமா இருந்தா சரி" என்றானாம். மனசு சுத்தம் எவ்வளவு சௌகரியமான சரக்கு பாருங்கள், யாரும் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. மலையிலிருந்து திரும்பும்போது மாலையை வழியிலேயே கழற்றிவிட்டு, ஓசூர் வருவதற்குள் தாபாவில் சிக்கனும் ஆகிவிடும் என்று கேள்வி.

என் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து கலி முற்றிவிட்டது என்று கத்தினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிராமல் கேட்டாள்.

"விரதம் போச்சேன்னு வருத்தமா, ஆளு போச்சேன்னு வருத்தமா?"

ரெண்டும்தான் என்றேன். அவள் நம்பவில்லை.

அவன் நடத்திய பஜனைக்கும் போனேன், குற்றம் கண்டுபிடிக்கத்தான். பெங்களூரிலிருந்து பாட்டுக் கோஷ்டி, கீபோர்டு, கலர் லைட்டு. சினிமா மெட்டில் சரணம் போட்டார்கள், ஜனம் எழுந்து ஆடியது. என் பஜனையில் கொட்டாவி விடுகிற ஆசாமிகள் அங்கே கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைப் பொங்கலில் நெய் மிதந்தது. பாழாய்ப்போன நாக்கு ரெண்டாவது தரம் கேட்டு வாங்கியது. அந்த நேரம் பார்த்து அவன் என்னைக் கண்டுபிடித்து, "குருசாமி, பெரியவங்க நீங்க, மேல வாங்க" என்று இழுத்துப் போய் சால்வை போர்த்தி, போட்டோவும் எடுத்துக்கொண்டான். மரியாதையாகத்தான் செய்தான். அதுதான் தாங்கவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்குள் அந்தப் போட்டோ எல்லார் போன் ஸ்டேட்டஸிலும் ஏறிவிட்டது. கேண்டீனில் இட்லி வாங்க நின்றால், "சாமி, நீங்களும் அங்க சேந்துட்டீங்களாமே?" என்கிறார்கள்.

அந்த வாரமே நானும் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தேன், சின்னதாக. ஐயப்பன் பெரிதாக, நான் ஓரமாக என்றுதான் சொல்லியிருந்தேன். கடைக்காரர் மாற்றிப் போட்டுக் கொண்டுவந்தார். திருத்தித் தரட்டுமா என்றார். பரவாயில்லை, கட்டிவிடுங்கள் என்றேன்.

பக்கத்து மெஷின்காரன் மட்டும் போகமாட்டான் என்று நம்பியிருந்தேன். முட்டி வலி, கொஞ்ச நாள் கழித்து மாலை போட்டுக்கொள்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. வேன்ல காலை மடக்கி உக்கார முடியலைங்ணா. இந்த வருஷம் மட்டும் அந்த பஸ்ல போயிட்டு வந்துடறேன்."

"போ. யாரு வேணாம்னது?"

"மாலைய அங்க போட்டுக்கறேன். இருமுடி மட்டும் உங்க கையால கட்டிக் குடுத்துடுங்கணா. வேற யார் கட்டினாலும் எனக்கு மனசு ஒப்பாது."

"சீட்டு குடுக்கறவன் இருமுடியும் கட்டிக் குடுப்பான், அங்கியே கட்டிக்கோ" என்றேன்.

கேட்டு வந்தவனுக்கு இருமுடி கட்டமாட்டேன் என்று எந்தக் குருசாமியும் சொல்லமாட்டான். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் சரிங்ணா என்று போய்விட்டான். கூப்பிட்டுக் கட்டிக் கொடுத்திருக்கலாம். அவன் வேறொருவன் பஸ்ஸில் ஏறுவதற்கு நான் ஏன் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

பாதி காலி வேனில் கிளம்பினோம். தொப்பூர் இறக்கத்தில் அந்த ஏசி பஸ், பாட்டுப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. என் வாய் சரணம் சொல்லிக்கொண்டிருந்தது, மனசு அந்த பஸ்ஸுக்கு டயர் பஞ்சராக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. ஒரு டயர் போதாது, ரெண்டு.

நிலக்கல்லில் எல்லா வண்டிகளையும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குமேல் ஏசியும் கிடையாது, கீசியும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே கூட்டம், ஒரே ஏற்றம். ஏறும்போதெல்லாம் அந்த டீ-ஷர்ட் எங்காவது தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டு போனேன். வரிசையில் கால் வீங்க நின்றேன். படி ஏறினேன்.

சன்னதிக்கு எதிரே கிடைப்பது கண் மூடித் திறக்கிற நேரம்தான். ஒரு மண்டலம் வெறுந்தரையில் படுத்ததெல்லாம் அதற்காகத்தான். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியபோது, ரெண்டு வரிசை முன்னால் என் பக்கத்து மெஷின்காரன் நின்றான். அவன் குள்ளம். அந்த இடத்தில் வருஷா வருஷம் அவன் முழங்கையைப் பிடித்து மேலே தூக்குவது நான். இப்போது அந்த ஷோரூம்காரன் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தான். அவனும் சாமியைப் பார்க்காமல், இவனுக்குத் தெரிகிறதா என்று இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தக் கையைப் பார்த்தேன். எப்படிப் பிடித்திருக்கிறான், என்னைவிட நன்றாகப் பிடித்திருக்கிறானா என்று பார்த்தேன். போலீஸ்காரர் தோளில் கை வைத்து நகர்த்தினார். வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி உள்ளே போக வழி கிடையாது. அத்தனை ஜனமும் பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஓரமாக நின்றிருந்தேன். காலை இழுத்துக்கொண்டு பக்கத்து மெஷின்காரன் வந்தான். என்னைக் கண்டதும் அந்த முட்டி வலியோடு தரையில் விழுந்து என் காலைத் தொட்டான். எழுந்தபோது முகமெல்லாம் கண்ணீர்.

"குருசாமி, இந்தத் தடவை மாதிரி நான் பாத்ததே இல்லீங்க. என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. எல்லாம் நீங்க காட்டின வழி. நீங்க நல்லாப் பாத்தீங்களா?"

போன வாரம் மாலை போட்டவன். சாய்கிற சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவன். அவனுக்குக் கிடைத்துவிட்டது. அந்த ஷோரூம்காரன்மேல்கூட எனக்கு அவ்வளவு பொறாமை வந்ததில்லை.

"நல்லாப் பாத்தேன் சாமி" என்று சொல்லி, அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.