பாக்கியம் அக்காவின் பலாமரம்

நேற்று பிரிக்பீல்ட்ஸில், வேனில் வைத்துப் பலாச்சுளை விற்கிறவரைக் கடந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டேன். கூட வந்த நண்பர், "ஏன் லா, பிடிக்காதா?" என்றார். பிடிக்கும். அதுதான் சிக்கல்.

பல வருஷத்துக்கு முன்பு நான் கிள்ளான் பக்கம் ஒரு நில அலுவலகத்தில் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்குகிறேன். அரசு நிலத்தில் மாடு கட்டவும் கீரை போடவும் ஓராண்டு உரிமம் கொடுப்போம். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். நிலைத்து நிற்கிற மரம் எதுவும் வைக்கக்கூடாது என்று உரிமத்தின் பின்பக்கம் மலாய் மொழியில் பொடி எழுத்தில் இருக்கும். அதை யார் படித்தார்கள்? வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் வரை நானே படிக்கவில்லை.

பாக்கியம் அக்கா ஆற்றோரம் அப்படியொரு நிலத்தில் மாடு வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றியவர். ஒரு வருஷம், புதுப்பிக்கும் முன் இடத்தைப் பார்த்துவர அதிகாரியோடு போனேன். அந்த நிலத்தை வேறு யாரோ கேட்கிறார்கள் என்ற பேச்சு அக்கா காதுக்கும் எட்டியிருந்தது. தமிழ் ஆள் என்று கண்டதும் என் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். பெரிய பலாமரம், அடியிலிருந்தே காய்.

"எங்க வீட்டுக்காரர் வச்சது தம்பி. இதப் பாத்தாலே தெரியும் லா, நாங்க எவ்ளோ வருஷமா இங்க இருக்கோம்னு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? எழுதிக்கோ."

கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினேன். அவருக்குப் புரியவில்லை. பின்னாலேயே வந்துவிட்ட அதிகாரி மரத்தை அண்ணாந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. "துலிஸ்," என்றார். அவரும் எழுதத்தான் சொன்னார். எழுதினேன்.

கிளம்பும்போது அக்கா ஒரு பழத்தைக் காரில் ஏற்றிவிட்டார். ஆபீஸில் எல்லோரும் தின்றோம், நானும்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படி ஒரு ருசியை அப்புறம் நான் பார்க்கவில்லை.

நிபந்தனையை மீறி மரம் வளர்த்ததால் உரிமம் கிடையாது என்ற கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அக்கா அதை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். உரிமம் இல்லை என்பதை மட்டும் யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"நீ மரத்தப் பத்தி எழுதலையா தம்பி?"

"எழுதினேன்க்கா."

"எழுதியுமா இப்படிப் பண்ணிட்டாங்க?" என்றார்.

வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மாடுகளை சுங்கை பூலோவில் யாரோ வாங்கிக்கொண்டார்கள். அக்கா எங்கே போனார் என்று தெரியாது. அங்கே இப்போது கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது, வாசலில் காவலாளி. மரம் நின்ற இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய கோப்பை யாராவது எடுத்தால் அதில் மட்டும் இருக்கும்: பலாமரம் ஒன்று, காய்க்கிறது. என் கையெழுத்தில்.