ஓடாத வண்டியின் பிரேக் பதிவு

இது கட்டுக்கதை இல்லை. அவளுடைய வலது கை விரல் நுனிகளில் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன்.

அவள் பிரேக் பரிசோதகர். சரக்கு டிரெய்லர்களில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் மணி, வேகம், காற்றழுத்தம், பிரேக் எவ்வளவு பிடித்தது என்று எல்லாவற்றையும் பதிந்துவிடும். அந்தப் பதிவைப் பார்த்து அவள் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி சாலைக்குப் போகலாம். இல்லையென்றால் சுமையேற்றி, சக்கரங்களை உருளைகள் மேல் சுழலவிட்டுப் பிரேக்கை அளக்கும் உருளை இயந்திரத்தில் நிறுத்திச் சோதிக்க வேண்டும். அதுதான் விதி.

அந்தப் புதன்கிழமை மாலை அவள் பார்க்க வேண்டியிருந்த டிரெய்லரை ஓட்டப்போவது அவளுடைய சொந்தத் தம்பி.

பழைய பதிவெல்லாம் பரவாயில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் 2:10-க்கு ஒரு வரி. வேகம் 61. அடுத்தது 68. அடுத்தது 77. பிரேக் மிதிபட்டிருக்கிறது. பிடி... பூஜ்யம்.

புதன்கிழமையும் அதே 2:10.

டிரெய்லரோ திங்கட்கிழமையிலிருந்து பட்டறையில் முட்டுக்கட்டை மேல் நிற்கிறது. சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தார்கள்.

பட்டறை மேலாளர் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். வேறு வண்டியின் பதிவை எடுத்து இதில் ஒட்டியிருப்பாரோ?

"பெட்டி ஏதோ உளறுது மேடம். கண்டுக்காம கையெழுத்தப் போடுங்க. லோடு காத்துக்கிட்டு இருக்கு" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஆனால் ஒன்று இடித்தது. ஏமாற்றுகிறவன் பிரேக் பிடிக்கவில்லை என்றா எழுதிவைப்பான்?

வியாழக்கிழமை கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிளம்பினாள். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கொட்டகையை உள்ளிருந்து பூட்டினாள். சாவி அவள் பையில். டிரெய்லரின் பிரேக்குக்குக் காற்று தரும் குழாய் கழன்று தரையில் கிடந்தது. மின் கம்பியும் கழன்றுதான் கிடந்தது. மடிக்கணினியைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

2:09. ஓர் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

2:10.

ஸ்ஸ்ஸ்...

காற்றே இல்லாத வண்டியில் காற்றுச் சத்தம். திரையில் 61.

ஸ்ஸ்... ஸ்ஸ்... பிரேக் தண்டு தானாக நீண்டது. உள்ளே போனது. மறுபடி நீண்டது. யாரோ பதறிப் பதறி மிதிக்கிற மாதிரி.

68.

எரிகிற வாடை.

77.

எப்படி எழுந்தாள் என்று தெரியாது. கை நீட்டி, சக்கரம் மாட்டும் இடத்திலிருந்த பிரேக் டிரம்மைத் தொட்டாள்.

சுட்டது.

2:16-க்கு எல்லாம் அடங்கியது. விரல்களில் கொப்புளம்.

எல்லோரும் திரும்பியதும் பூட்டைத் திறந்து மேலாளரிடம் போனாள். "கையெழுத்து கிடையாது. டிரம்மைத் திறங்க" என்றாள். மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். உள்ளே பிரேக் கட்டைகள் எல்லாவற்றிலும் எண்ணெய் ஊறி, கண்ணாடி மாதிரி பளபளத்தன. எவ்வளவு மிதித்தாலும் பிடித்திருக்காது.

எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, சுமையேற்றி, உருளை இயந்திரத்தில் சோதித்தார்கள். பிடி சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். அடுத்த செவ்வாய் தம்பி கிளம்பினான்.

மதியம் 2:40-க்கு அவனிடமிருந்து போன்.

"அக்கா... மலை இறக்கத்துல கண்ணு அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா வண்டி ஓரமா நிக்குது."

"எப்போடா?"

"ரெண்டு பத்து இருக்கும்."

"நீதானே பிரேக் போட்ட?"

"சத்தியமா இல்லக்கா. காலு மடக்கி சீட்டு மேல இருந்துச்சு."

பெட்டி அவ்வப்போது அனுப்பும் பதிவை மடிக்கணினியில் திறந்தாள். 2:10-க்குப் பிரேக் மிதிபட்டிருக்கிறது. முழுப் பிடி. வேகம் பூஜ்யம். பிரேக்கின் காற்றழுத்தம் இன்னும் இறங்கவில்லை.

"இப்ப எங்க இருக்க?"

"கீழ. ரோட்டோரம். வண்டிய விட்டு இறங்கி அரை மணி நேரமாச்சு."

"வண்டிக்குள்ள யாரு?"

"யாருமில்ல. ஏன்?"

2:43. திரையில் அழுத்தம் மெல்ல இறங்கியது. மிதித்த காலை யாரோ எடுத்த மாதிரி.

போனில் கதவு திறந்து சாத்தும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அக்கா..." என்றான் தம்பி. "யாரோ இறங்குற மாதிரி படிக்கட்டு அமுங்குதுக்கா..."