தட்டிப் பார்க்காத முட்டை

பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காமல் நாமக்கல்லில் இரண்டு கோழிப்பண்ணை எழுப்பியவன் நான். ஒன்றை, நான் வளர்த்து ஆளாக்கிய மச்சினன் பார்த்துக்கொண்டான். அங்கே மட்டும் விரிசல் முட்டை அதிகம். "நம்ம நேரமுங்க மாமா" என்பான், நம்பினேன்.

கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் மருமகள், ரெண்டு பண்ணைக் கணக்கையும் வாங்கி, வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று காட்டும் 'கை-ஸ்கொயர்' சோதனை போட்டாள். "ஒரே சாதிக் கோழி, ஒரே தீவனம். ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உடையோணும். இத்தன வித்தியாசம் தற்செயலா வராதுங்க மாமா."

"அவனைத் திருடன்ங்கிறயா?"

"ஆருன்னு சோதனை சொல்லாதுங்க. நீங்களே போய்ப் பாருங்க."

போனேன். விரிசல் என்று ஒதுக்கி, பேக்கரி வண்டியில் மலிவாக ஏற்றிக்கொண்டிருந்த முட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தேன். எல்லாமே நல்ல முட்டை. பேக்கரிக்காரன் தனியாகக் கொடுத்த நோட்டுகளை மச்சினன் அவசரமாக மடியில் செருகினான்.

சத்தத்திலேயே விரிசலைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றியவன், நான் வளர்த்தவனை மட்டும் ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லை.