வாசலில் கழற்றிய சப்பாத்து

விழுந்தவுடன் நான் செய்த முதல் வேலை, சேலையை இழுத்து முழங்காலை மூடியதுதான். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் மச்சாள் வீட்டில், அதாவது என் கணவரின் அக்கா வீட்டில், பிறந்தநாள் விருந்து முடிந்து காரடிக்கு வந்துகொண்டிருந்தோம். பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. கால் ஒரு பக்கம் திரும்பி இருந்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நானோ சேலையைப் பிடித்தபடி "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சிரித்துக்கொண்டிருந்தேன். என்ன சிரிப்போ!

டிபியா (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) முறிந்திருந்தது. தகடு வைத்து ஆணிகள் பூட்டினார்கள். வீட்டுக்கு விடும்போது, அந்தக் காலில் உடம்பின் பாரத்தில் கால்வாசிதான் ஊன்றலாம் என்றார் டொக்டர். முழுக்கத் தூக்கி வைத்திருந்தாலும் எலும்பு வளராது, கூட ஊன்றினாலும் ஆணி தாங்காது.

கால்வாசியை எப்படி அறிவது? அதற்கு ஒரு கருவி இரவல் தந்தார்கள். சப்பாத்துக்குள் வைக்கும் மெல்லிய தட்டு. அதில் உணரிகள் (அழுத்தத்தை அளக்கும் சிறு பொருட்கள்) இருந்தன. வயர் ஒன்று இடுப்பில் கொழுவிய பெட்டிக்குப் போகும். அளவு மீறினால் பெட்டி கீச்சென்று கத்தும். எந்த நேரம் எவ்வளவு ஊன்றினேன் என்பதையும் அது பதிந்து வைக்கும்.

மருந்துக்கடை வரிசையில் ஒருநாள் கத்திவிட்டது. வாசலில் நின்ற காவலாளி என் பையைப் பார்த்தார். களவெடுத்தவள் மாதிரி நின்றேன். பிரெஞ்சு எனக்கு "போன்ஜூர்", "மெர்சி" மட்டும்தான். பெட்டியைக் காட்டி "மெர்சி, மெர்சி" என்றேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

அதனால் வெளியே போனால் பூனை மாதிரி நடப்பேன். கிளினிக்கில் பெட்டியைக் கணினியில் பொருத்திப் பார்த்த பிசியோதெரபிஸ்டுக்கு (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவருக்கு) நல்ல சந்தோசம். வீட்டுக்குள் நடமாட்டமே பதியவில்லையே என்று மட்டும் கேட்டார். பிரெஞ்சு தெரிந்த என் கணவர்தான் மொழிபெயர்த்தார்.

"வீட்டில நடக்கிறனீரோ எண்டு கேக்கிறா."

"சீ, வீட்டுக்குள்ள எங்க நடக்கிறது?"

"இல்லையாம்" என்று அவர் சொல்லிவிட்டார். நான் பொய் சொல்லவில்லை. நடக்கிறது என்றால் எங்களுக்கு வெளியே போவது. அடுப்படியில் நிற்பதை யார் நடை என்று சொல்வார்கள்?

அடுத்த எக்ஸ்ரேயில் முறிவு அப்படியே கிடந்தது. டொக்டர் படத்தையும் பார்த்தார், கருவியின் பதிவையும் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். என் கணவரின் குரல் இறங்கிவிட்டது.

"ஒரு ஆணி வளைஞ்சிருக்காம். பாரம் விழாமல் வளையாதாம். அடுத்த முறையும் இப்பிடியெண்டா, இடுப்பில எலும்பு எடுத்து வைச்சுத் திரும்பவும் ஒப்பரேசனாம்."

காலையில் எழும்பினால் என்னென்ன செய்வீர்கள் என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டார். தேத்தண்ணி, தோசை, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, சோறு கறி, சாமிக்கு விளக்கு, உடுப்பு மடிப்பு என்று சொல்லிக்கொண்டே போனேன். மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். அவர் விடிய வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார்.

"இவ்வளவும் நிண்டுகொண்டோ செய்யிறனீர்?"

"பின்னை, படுத்துக்கொண்டோ தோசை சுடுறது?"

"அப்ப சப்பாத்து?"

"வாசல்ல."

சாமி இருக்கிற வீட்டுக்குள் சப்பாத்தோடு திரிய எனக்குத் தோன்றவேயில்லை. கருவி வாசலில் சும்மா கிடந்தது. நான் வெறுங்காலோடு, ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, இரண்டு காலிலும் நின்று சமைத்திருக்கிறேன். வலித்தபோது குளிசை போட்டேன்.

அவர் அதைப் பிரெஞ்சில் சொன்னபோது காதெல்லாம் சிவந்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் கோபிக்கவில்லை. தானும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாராம், கேட்காமல் விட்டது தன் பிழையாம். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. பொய்க்காரி என்று நினைத்திருப்பார்களோ? பெண்சாதியை இந்தக் காலோடு சமைக்க விட்ட மனுசன் என்று அவரை நினைத்திருப்பார்களோ? 

அடுத்த நாள் அவர் புதுச் சப்பாத்து வாங்கிவந்தார்.

"சாமிக்கு முன்னால இதோடையோ?"

"தெருவைக் காணாத சப்பாத்து. சாமி ஒண்டும் சொல்லாது."

வீக்கத்தால் எனக்குக் குனிந்து போட முடியாது. வேலைக்குப் போகுமுன் அவர் நிலத்தில் இருந்து, என் காலைத் தன் மடியில் வைத்து, தட்டைச் சரிபார்த்துக் கயிறு கட்டுவார். முதல்நாள் கூச்சத்தில் அவர் தொடையிலேயே காலை அழுத்திவிட்டேன். பெட்டி கீச்சென்று கத்தியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நேரம் பார்த்து மச்சாள் வந்தா.

"ஐயோ தம்பி, என்னடா இது? அவளின்ர காலடியில இருக்கிறாய்!"

காலை இழுக்கப் பார்த்தேன். அவர் குதிக்காலை விடவில்லை.

"எலும்பு பொருந்தவேணும் அக்கா. இருங்கோ, தேத்தண்ணி நான் போடுறன்."

தம்பி அடுப்படியில் நிற்க, சப்பாத்துக் காலோடு நான் கதிரையில் இருக்க, மச்சாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. அந்தத் தேத்தண்ணியை அவ குடித்து முடிக்கும்வரை நான் தலை நிமிரவில்லை.

வீட்டுக்குள் அந்தப் பெட்டி கத்தின கத்து! கழுவுதொட்டியில் கத்தும், விளக்கடியில் கத்தும். வீட்டில் எவ்வளவு நிற்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் சோறு போடப் பழகினார்கள். குழைந்த சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட்டேன்.

அடுத்த படத்தில் முறிவைச் சுற்றி மங்கலாகப் புகைபோல ஒன்று தெரிந்தது. கலஸ் (முறிவில் ஊறும் புது எலும்பு) என்றார் டொக்டர். ஒப்பரேசன் தேவையில்லை என்று அவர் சொன்னதும் என் கணவர் மொழிபெயர்க்க மறந்து சிரித்துவிட்டார். நான் விளங்கிக்கொண்டேன்.

காலில் தகடோடு வீடு திரும்பியிருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நடக்கிறீர்களா என்று கேட்டால், நிற்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்கம் போய்விடும் என்று சொல்லமாட்டேன். எனக்குப் போகவில்லை.

கருவியைத் திருப்பிக் கொடுத்து நாளாகிவிட்டது. எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை இப்போது கால்தான் சொல்கிறது. சோறு வடிக்கும்வரை தாங்கும், பருப்பு அவியுமுன் உளையத் தொடங்கும். நேற்றும் அப்படித்தான். மச்சாள் குடும்பம் சாப்பாட்டுக்கு வந்திருந்தது. எல்லாரும் பார்த்திருக்க, அடுப்புக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். வெட்கத்தில் முகமெல்லாம் சுட்டது. எழும்பவில்லை.