ஐப்பசிக்கு வந்த இலையுதிர் காலம்

எங்கள் பக்கம் மரங்கள் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை காய்ந்த இலை ஒன்று கிடைக்காது. ஐந்து வயதில் எனக்கே இது தெரிந்திருந்தது. மேனேஜர் வீட்டம்மாவுக்குத்தான் தெரியவில்லை.

அப்பாவுக்குப் பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. குடியிருந்தது மில் கொடுத்த லைன் வீடு. தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று மில்லில் பாலர் பள்ளி திறந்தபோது, எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்த என் சின்னம்மாவை டீச்சராகப் போட்டார்கள். வால்பாறை எஸ்டேட்டுக்குப் போன சித்தப்பா போனவர் போனவர்தான். அதிலிருந்து சின்னம்மா எங்களோடு இருந்தாள். அப்பா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அவள் விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமந்து, பாத்திரம் துலக்கி, எங்கள் எல்லோர் துணியையும் துவைத்துப்போட்டுவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவாள். அங்கே நாற்பது உருப்படிகள், என்னையும் சேர்த்து. மூக்கைத் துடைத்து, பால் பவுடர் கரைத்து ஊற்றி, சண்டை விலக்கிவிட்டு, மாலையில் வந்து சுவரில் சாய்ந்தாளானால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பக்கூடத் தெம்பிருக்காது. அந்த வேலையும் நிலையில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பார்க்க வேண்டியவர் மேனேஜர் வீட்டம்மா.

அந்த அம்மா பள்ளிக்கு ஒரு சீமைப் படப் புத்தகம் கொடுத்திருந்தார். மாதத்துக்கு ஒரு விளையாட்டுப் பாடம். அக்டோபர் பக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் குவிந்து கிடந்தன. கம்பளிச் சட்டை போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதில் குதித்துக்கொண்டிருந்தார்கள். இலைகளை நிறவாரியாகப் பிரிக்க வேண்டும், எண்ண வேண்டும், அட்டையில் ஒட்ட வேண்டும், கடைசியில் குவித்துப்போட்டுக் குதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"நம்மூர்ல எலை கொட்டறது மாசியிலீங்கன்னு சொல்லிப்போடறதுதானே?" என்றாள் அம்மா.

"சொல்ற எடத்துலயாக்கா நான் இருக்கறேன்? இதும் போச்சுன்னா எத்தனை நாளைக்குத்தான் மாமா சோத்தைத் தின்னுட்டு உக்காந்திருக்கறது?" என்று சின்னம்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பிள்ளைகளிடம் கலர் இலை கொண்டுவரச் சொன்னாள். ஒருவன் கறிவேப்பிலை கொண்டுவந்தான். ஒருத்தி வீட்டில் பூஜைக்கு வைத்திருந்த வெற்றிலையைக் கொண்டுவந்து, பின்னாலேயே வந்த அம்மாவிடம் முதுகில் வாங்கினாள். சின்னம்மா பூவரச இலை பறித்து, பாதிக்கு மஞ்சளும் பாதிக்குக் குங்குமமும் தடவிக் காயவைத்தாள். மழை ஈரத்தில் எல்லாம் ஒழுகிச் சேறு நிறத்துக்கு வந்தது. அதன் எதிரில் கன்னத்தில் கைவைத்து அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கலர் இலை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆயுத பூஜைப் பொரி வாங்க அப்பாவோடு மேனேஜர் பங்களாவுக்குப் போனபோது பார்த்திருந்தேன். வேலியோரம் வரிசையாகக் குரோட்டன்ஸ் செடிகள், சிவப்பு, மஞ்சள், புள்ளி போட்டது என்று. வியாழக்கிழமை மத்தியானம் பள்ளியே பாயில் தூங்கும் நேரத்தில் இரண்டு சிநேகிதிகளோடு வேலிச் சந்தில் நுழைந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்ததால் தோட்டக்காரர் இல்லை. பாவாடை நிறையப் பறித்தோம். ஒரு செடியையும் விட்டுவைக்கவில்லை. வேலிக் கம்பி முழங்கையைக் கிழித்ததைக்கூட நான் யாரிடமும் சொல்லாமல், இலைகளைப் பள்ளி மூலையில் மிச்சமிருந்த பாய்க்கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை கார் வந்தது. சின்னம்மா குடையோடு வாசலுக்கு ஓடினாள். அந்த நேரத்தில் எல்லா இலைகளையும் நடுக்கூடத்தில் கொட்டினோம். அவர்கள் உள்ளே வந்தபோது நாற்பது பேரும் அதில் குதித்துக்கொண்டிருந்தோம், புத்தகத்தில் இருந்தபடியே. சின்னம்மாவின் முகம் வெளுத்துப்போனது. சந்தோஷத்தில் என்று நான் நினைத்தேன்.

மேனேஜர் வீட்டம்மா குனிந்து ஓர் இலையை எடுத்துப் பார்த்தார்.

"இது எங்க பங்களா குரோட்டன்ஸ் ஆச்சே. யார் பறிச்சது?"

நான் பெருமையாகக் கை தூக்கப் போனேன். சின்னம்மா என்னை இழுத்துத் தன் சேலைக்குப் பின்னால் தள்ளி, வாயைப் பொத்தினாள்.

"நாந்தானுங்க. புள்ளைங்களுக்குக் காட்டோணுமேன்னு நாந்தான் பறிச்சுப்போட்டேனுங்க."

"கேட்டுப் பறிச்சீங்களா?"

"இல்லீங்க."

"டீச்சரே இப்படிப் பண்ணினா இதுங்க என்ன கத்துக்கும்?" என்று சொல்லி, இலையைக் கீழே போட்டுவிட்டு அவர் காரில் ஏறிப் போனார். திங்கட்கிழமை வேறொரு டீச்சர் வந்தார். சின்னம்மா தினக்கூலிக்கு ஒரு ஜின்னிங் பாக்டரியில் பஞ்சு பொறுக்கப் போனாள். பிறகு இருபது வருஷம் அவள் செய்தது அந்த வேலைதான்.

என் பெயரைச் சொல்லியிருந்தால் கேள்வி அப்பாவிடம் போயிருக்கும். அவருடைய வேலைக்கும் நாங்கள் இருந்த வீட்டுக்கும் ஆபத்து வந்திருக்கும். கண் மூடித் திறப்பதற்குள் அவள் அதை யோசித்துவிட்டாள். எனக்கு அதை யோசிக்க எத்தனையோ வருஷம் ஆயிற்று. இப்போது நினைத்தால் யார்மேலும் கோபம் வருவதில்லை. அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்குக் கோபம் வந்தது. வேலியில் கை கிழித்துக்கொண்டது நான், நனைந்தது நான். பேரைத் தட்டிக்கொண்டு போனது அவள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஒரு சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து, முகம்கூடக் கழுவாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம்மேல கோவமா கண்ணு?"

"ஆமா. நான் பறிச்சதை நீ பறிச்சேன்னு எதுக்குச் சொன்னே?"

"தப்புத்தான் கண்ணு. இனிமே சொல்லமாட்டேன்" என்றாள்.

போனால் போகிறதென்று நான் அவளை மன்னித்தேன்.