ஒன்பதாம் எண் வாத்து

"மிதியிலருந்து காலை எடுங்க தங்கச்சி, நீங்களும் எடுங்க தம்பி. இனி நான் பார்த்துக்கறேன்" என்றபடி வாத்துப் படகின் கழுத்தில் கயிற்றைச் சுற்றுகிறார் ஏரியின் மீட்பாளர். இன்றைக்கு ஏழாவது ஜோடி. ஒருவர் முன்னே மிதிக்க, மற்றவர் வேண்டுமென்றே பின்னே மிதிக்க, படகு இம்மியும் நகரவில்லை. கடைசியில் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சண்டையில் நின்றுபோகும் மிதிபடகுகளைத் துடுப்புப் படகில் போய் இழுத்து வருவதுதான் அவர் வேலை. எல்லோருக்கும் அவர் 'கயிறு'. முடிச்சுப் போட்டதும் ஆளுக்கொரு கை வறுத்த கடலை கொடுப்பார். "வாய் மென்னுட்டிருந்தா சண்டை நிக்கும். யார் மேல தப்புன்னு மட்டும் கேக்க மாட்டேன். கேட்டா படகு கனத்துடும்." 'மீட்பு' என்று எழுதிய அவர் தொப்பி தலையை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை.

வெள்ளைக்கார துரை ஒருவர் தன் மனைவிக்காக வெட்டிய ஏரி இது என்கிறது பெயர்ப்பலகை. அந்த அம்மாள் வந்து பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கப்பலைப் பிடித்ததைப் பலகை சொல்லாது, கயிறு சொல்வார். "துரை ஆரம்பிச்சு வெச்சாரு, நான் இழுத்துட்டுக் கிடக்கேன்."

டிக்கெட் கவுண்டரில் மைக்கோடு இருக்கும் அக்கா அவர் மனைவி. பதினொரு நாளாகப் பேச்சில்லை. "வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்த மறதிக்காரர் உடனே வரவும்" என்று அக்கா ஒருநாள் மைக்கில் சொல்ல, ஏரியே சிரித்தது. அன்று மதியம் அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டைக் கயிறு திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து அவருக்கு வருவதெல்லாம் அரசாங்கத் தமிழ்தான்: "மீட்பாளர் கவனத்திற்கு. பன்னிரண்டாம் எண் படகில் பெண் அழுகிறார். ஆவன செய்யவும்." வீட்டில் மைக் இல்லை, அதனால் அங்கே அதுவும் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பூங்காவுக்கு மாற்றல் கேட்டு அக்கா எழுதிக் கொடுத்தார். கிடைத்தும் விட்டது, திங்கள் முதல். "போகட்டுமே, எனக்கென்ன" என்றார் கயிறு. கொஞ்ச நேரம் கழித்து, "அங்க மைக்கே கிடையாது" என்றார்.

ஞாயிறு மாலை கடைசி ஆளும் கரையேறியதும், கயிற்றைச் சுருட்டிப் படித்துறையில் வைத்துவிட்டு, ஒன்பதாம் எண் வாத்தில் தனியாக ஏறிப் போனார். நடு ஏரியில் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

"ஒன்பதாம் எண் படகு. உங்கள் நேரம் முடிந்தது."

வாத்து அசையவில்லை.

"ஒன்பதாம் எண் படகு. உடனே கரை திரும்பவும்."

அப்போதும் இல்லை. மைக் கரகரத்தது. "ஏங்க, குளுருது. உங்களுக்கு மூட்டுவலி வேற. வந்து தொலைங்களேன்!"

கயிறு கையைக் குவித்துக் கத்தினார்: "முடியல! இது ரெண்டு பேர் மிதிக்கிற படகு!"

அக்கா கவுண்டரைப் பூட்டினார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, துடுப்புப் படகைக் கோணல்மாணலாக ஓட்டிப் போனார். அவருக்கு அந்த முடிச்சு தெரியாது. வாத்தின் கழுத்தில் சடை பின்னுவது போல எதையோ பின்னினார். யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை.

கயிறு தொப்பியைக் கழற்றி, பக்கத்து இருக்கையில் படிந்திருந்த ஈரத்தை அழுத்தித் துடைத்தார்.